உப்பளமேட்டில் குடங்கள் நின்ற வரிசை

லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன உப்பளமேட்டுக் குடங்கள், ஒரு புரட்டாசி மாத விடியலில் தாங்களாகவே எழுந்து, பொதுக்கழிப்பிடத்தைச் சுற்றிக்கொண்டு, மாதா கோயில் சந்து வழியாக நடந்து, வட்டச் செயலாளர் குணாளனின் மன்றத்து வாசலில் போய் வரிசையாக நின்றுகொண்டன. பிளாஸ்டிக் குடங்கள் என்பதால் பெரிதாகச் சத்தம் இல்லை. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடங்கள் மட்டும் நடக்கும்போது கொஞ்சம் அலட்டிக்கொண்டன. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டதோடு சரி, அவருக்கு இன்னும் ஊற்ற வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன.

தேசம்மாவுக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரிசை இடம் மாறுவதா? அவள் துறைமுக வாசலில் விடிகாலையில் ஆப்பக்கடை போடுகிறவள், ஆனால் அது வயிற்றுப் பாட்டுக்கு. ஊர் அவளை மதித்தது வரிசைக்காக. லாரி வரும் நாளில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றால், வீட்டுக்கு வீடு சண்டைக்காரர்கள் நிறைந்த அந்தத் தெருவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடங்கி நிற்கும். அங்கே சட்டம் ஒன்றுதான்: குடம்தான் ஆள். குடத்தை வைத்துவிட்டு நீ வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறப் போகலாம், ஜெயிலுக்கே போய்விட்டும் வரலாம். உன் குடம் நிற்கிற வரைக்கும் நீயும் நிற்கிறாய், அதை ஒருத்தரும் தொடக் கூடாது, அதற்கு முன்னால் ஒருத்தரும் நுழையக் கூடாது. தன் சொந்த மகன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை குளிக்கத் தண்ணீர் இல்லையே என்று குடத்தை முன்னால் நகர்த்த வந்த தங்கச்சியை ஊர் பார்க்கத் திட்டித் திருப்பி அனுப்பியவள் தேசம்மா. மாப்பிள்ளை மூஞ்சியை மட்டும் கழுவிக்கொண்டு தாலி கட்டினான், அந்தக் கோபம் அவனுக்கு இன்னமும் தீரவில்லை.

இந்தச் சட்டத்துக்கு உப்பளமேட்டில் ஒரே ஒரு எதிரி இருந்தாள், அவள் பெயர் பிலோமினா. மீன் சந்தையில் கூடை சுமக்கிற அவளுக்கு வரிசையில் இடையில் நுழைவது ஒரு கலை. பேசிக்கொண்டே நுழைவாள், சிரித்துக்கொண்டே நுழைவாள், மயக்கம் வருவது போலச் சாய்ந்து சாய்ந்து நுழைவாள். ஒவ்வொரு முறையும் தேசம்மா அவளைக் கையைப் பிடித்து வாலுக்குக் கொண்டுபோய் விடுவாள். இருவருக்கும் அது பழகிவிட்டது, ஒரு நாள் அது நடக்கவில்லை என்றால் இருவருக்குமே அன்றைக்கு என்னவோ போல இருக்கும்.

"இன்னாடி இது, எந்த லாரி வருதுன்னு இங்க வந்து நிக்குதுங்க?" என்றாள் தேசம்மா.

"எனுக்கு இன்னாக்கா தெரியும், எங்கொடத்தயே நான் இப்பதான் தேடிக் கண்டுபுட்ச்சேன்," என்றாள் பிலோமினா. "ஆனா தோ பாரு, எங்கொடம் எவ்ளோ முன்னால நிக்குது. நான் நுழையல. அதுவா நுழைஞ்சிக்கீது."

எதற்கு இந்த வரிசை என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. இந்த நகரத்தில் வரிசையைப் பார்த்தால் முதலில் நிற்பார்கள், பிறகுதான் எதற்கு என்று விசாரிப்பார்கள். காலைப் பலகார நேரத்துக்குள் பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்து வாலில் சேர்ந்தார்கள், விசாரிக்க வந்த போலீஸ்காரர் தன் தண்ணீர் பாட்டிலை வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போனார், மத்தியானம் வந்த லாரி டிரைவர் வரிசை எங்கேயோ அங்கேதான் லாரி என்று மன்றத்து வாசலிலேயே நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டார். குடங்கள் நிரம்பின, இடுப்பேறி வீட்டுக்கு வந்தன, டிரம்மில் கவிழ்ந்து காலியாயின, காலியானதும் நிலைப்படி தாண்டி இறங்கி மறுபடி மன்றத்து வாசலுக்கே நடந்தன. லாரி போய்விட்டது, குடங்கள் போகவில்லை. குடங்கள் நின்றது லாரிக்காக அல்ல என்பது அப்போதுதான் தேசம்மாவுக்கு உறைத்தது.

நாலு நாளில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. வெயிலில் குடம் இளகுகிறது என்று பந்தல் போட்டார்கள். பந்தல் இருக்கிறதே என்று ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு விழாவை அங்கேயே வைத்தார்கள். மாநகராட்சி ஊழியர் ஒருவர் வந்து, நடைபாதையை ஆக்கிரமித்த குற்றத்துக்காக முதல் குடத்தின் வயிற்றில் அறிவிப்பு ஒட்டி, குடத்திடம் கையெழுத்து வாங்க முடியாததால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனார். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து குடங்கள் நடந்தது சரியா என்று விவாதித்தார்கள். அவர்களில் ஒருவர் எல்லாக் குடங்களும் நடக்கவில்லை என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றார். குணாளன் சும்மா இருப்பாரா, உப்பளமேட்டுக் குடங்கள் தங்கள் கட்சியில் இணைந்துவிட்டதாக அறிவித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் கரைத்துண்டு போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எதிர்க்கட்சிக்காரர்கள், இது இணைப்பு அல்ல முற்றுகை என்று சொல்லிக் கடைத்தெருவில் புதுக் குடங்களை வாங்கிவந்து எதிர் வரிசை வைத்தார்கள். ஒரு நாளும் தண்ணீருக்கு நின்று பழகாத அந்தக் குடங்கள் காற்றடித்ததும் உருண்டு கால்வாயில் விழுந்தன.

இத்தனை கூத்துக்கும் நடுவில் தேசம்மாவுக்கு வேறொரு கவலை இருந்தது. குடங்கள் நடப்பதற்கு முந்தின வாரம்தான் நீர்வள நல்வாழ்வுக் கழகம் என்ற அலுவலகத்திலிருந்து ஆனந்தரூபன் என்ற அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், அதுதான் பயமாக இருந்தது. உப்பளமேட்டில் மண்ணுக்கு மேலும் குடிதண்ணீர் இல்லை, கீழும் இல்லை, இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் வாழ்வதைக் காணத் தமக்குத் தூக்கமே வருவதில்லை, ஆகவே வருகிற கோடை முடிவதற்குள் எல்லோரையும் ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் உள்ள அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்விட்டு, இந்த இடத்தில் மழைநீர் விழிப்புணர்வுப் பூங்கா அமைக்கப்போகிறோம் என்றார். பூங்காவின் நடுவில் கை, கால், புன்சிரிப்பு எல்லாம் வைத்த ஒரு சிமெண்ட் நீர்த்துளி நிற்குமாம். அந்த அடுக்குமாடிகளைத் தேசம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கிருந்து முதல் பஸ் பிடித்துத் துறைமுகம் வந்து சேர்ந்தால், லோடுமேன்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பார்கள். விடிகாலை ஆப்பத்தை மத்தியானம் யார் தின்பார்கள்? அடுப்பு அணைந்தால் அணைந்ததுதான். அவளுக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஊரும் தெரியாது.

குணாளனுக்கு இது தெரியும். அவர் தேசம்மாவின் ஆப்பத்தைத் தின்று வளர்ந்தவர்தான். ஒரு சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யக்கா, அமைச்சர் வர்றாரு. மன்றத்துல மழைநீர்த் தொட்டி தெறக்கப்போறாரு. கொடமெல்லாம் வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்? நீ சொன்னா ஜனங்க கேப்பாங்க. வரிசைய வேற பக்கம் மாத்து."

"இன்னா தொட்டி? ஒரு பைப்பு செவுத்துல ஒட்டினு இருக்குது, அத்தயா சொல்ற? அது அடியில சிமெண்ட்டு போட்டு அடச்சிக்கீதே குணா."

"அது இருக்கட்டும்க்கா. நீ மாத்திக்குடு, புது எடத்துல உனுக்கு ரோட்டப் பாத்த மாதிரி கீழ் வீடு நான் வாங்கித் தரேன். கட போட்டுக்கலாம். தாய் மேல சத்தியம்."

தேசம்மாவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ரோட்டைப் பார்த்த கீழ் வீடு. அடுப்பு அணையாது. நாலு குடத்தை நகர்த்தினால் போதும், மீதி தானாக நகரும். ஆனால் மறுநாள் வரிசை முன்னால் போய் நின்று குனிந்தபோது கை போகவில்லை. அது ஒருவேளை கொள்கையாக இருக்கலாம், அல்லது வெறும் பழக்கமாக இருக்கலாம், இரண்டுக்கும் அவளிடம் வித்தியாசம் கிடையாது. குணாளனிடம் போய், "வச்ச எடம் வச்ச எடந்தான் குணா. நானே தொட்டா அப்பால எவ மதிப்பா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதாள், ஏனென்றால் அந்த வீடு அவளுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது.

மறுநாள் வரிசையின் முதல் குடம் மன்றத்துக்குள்ளேயே போய்விட்டது. கதவு திறந்திருந்தது, கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது போய்க் கேரம் பலகையின் மேல் ஏறி, நடுவட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த குடம் பலகைக்குக் கீழே போனது, அடுத்தது அதை இடித்துக்கொண்டு நின்றது. பையன்கள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். உள்ளே வந்த பெண்கள் விழிக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

"கெணறு," என்றாள் பிலோமினா, கெட்ட வார்த்தை சொல்வது போல மெதுவாக.

அங்கே ஒரு கிணறு இருந்தது எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் உப்புப் பூத்த மண்ணில் அது ஒன்றுதான் தித்திப்பாக இருந்தது. அதை எந்த அரசாங்கமும் மூடவில்லை, எந்தப் பகைவனும் மூடவில்லை, உப்பளமேட்டுக்காரர்களேதான் மூடினார்கள். லாரி வர ஆரம்பித்த புதிதில், கயிறு போட்டு இறைப்பது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. லாரித் தண்ணீர் குடிக்கிற வீட்டுக்குத்தான் பெண் கொடுப்போம் என்றுகூடச் சொன்னார்கள். போகிக்குப் பழைய பாயைப் போட்டார்கள், பிறகு மீன் செதிலைப் போட்டார்கள், உடைந்த கட்டில், கிழிந்த கொடி, தோற்ற வேட்பாளரின் தட்டி என்று கையில் கிடைத்ததெல்லாம் போட்டார்கள். கிணறு மேடானதும் அதன் மேல் மன்றம் கட்டிக்கொள்ளச் சொல்லி, மாலை போட்டு, கைதட்டி, அடிக்கல் நாட்டியதும் அவர்கள்தான். கைதட்டியவர்களில் தேசம்மாவும் உண்டு. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து அதை மறந்தார்கள், அந்த ஒரு காரியத்தில்தான் உப்பளமேட்டில் சண்டையே வந்ததில்லை.

தரையை உடைக்கக் குணாளன் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, கேரம் ஆட முடியாத பையன்கள் எதிர்க்கட்சி மன்றத்துக்கு ஆடப் போக ஆரம்பித்ததும், இது தம்முடைய நெடுநாள் கனவு என்று அறிவித்துக் கடப்பாரையோடு படம் எடுத்துக்கொண்டார். அமைச்சருக்கு அன்றைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

தோண்டியது பெண்கள்தான், தோண்டிய விதம் வரிசைதான். தண்ணீருக்கு நிற்கிற அதே வரிசையில் நின்று, முறை வந்தவள் இறங்கி ஒரு குடம் குப்பை அள்ளி ஏற்றிவிட்டு வாலுக்குப் போனாள், அடுத்தவள் இறங்கினாள். குப்பைக்கும் முறை தப்பக் கூடாது என்று தேசம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குப்பை வரிசையில் யாரும் இடையில் நுழையப் பார்க்கவில்லை. பிலோமினா மட்டும் பழக்க தோஷத்தில் ஒருமுறை நுழைந்து, இரண்டு முறை குப்பை அள்ள வேண்டியதாகிவிட்டது. பாய் வந்தது, கட்டில் வந்தது, கொடிகள் வந்தன, கரைந்துபோன வேட்பாளர்கள் வந்தார்கள், கடைசியில் நாற்றம் போய் ஈரமணல் வந்தது. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு தகரக் கூரையிலிருந்தும் குழாய் இழுத்துக் கிணற்றோடு சேர்த்தார்கள். தகரம் ஓட்டையாக இருந்த வீடுகளில், தெருவெங்கும் கட்டியிருந்த கட்சிப் பேனர்களை அவிழ்த்துக் கூரையில் விரித்தார்கள். மழை பெய்தபோது தண்ணீர், கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிற பெரிய பெரிய முகங்களின் மேல் விழுந்து, கன்னம் வழியாகவும் மீசை வழியாகவும் ஓடி, குழாயில் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. தலைவர்கள் உப்பளமேட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் கிணறு கைக்கு எட்டுகிற அளவு நிறைந்துவிட்டது. தேசம்மா அந்தத் தண்ணீரில் மாவரைத்துச் சுட்ட ஆப்பத்தைத் தின்ற லோடுமேன்கள், என்னக்கா இன்றைக்குத் தேங்காய்ப்பால் அதிகமா என்று கேட்டார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தண்ணீர் இல்லாத இடம் என்றுதானே போகச் சொன்னார்கள், இனி எந்த வாயால் சொல்வார்கள் என்று நினைத்து, இத்தனை மாதத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

ஆனந்தரூபன் பங்குனியில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், ஒரு கை அள்ளிக் குடித்தார், அவர் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

"அற்புதம் அம்மா, அற்புதம். நீங்கள் ஒரு நீர்நிலையையே மீட்டிருக்கிறீர்கள். இதைக் கண்போல் காப்பது எங்கள் கடமை." மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "நீர்நிலை என்று ஆகிவிட்டால் அதைச் சுற்றிக் குடியிருப்பு இருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் எல்லோரும் இப்போது நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிட்டீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது."

"தண்ணி இல்லன்னு போவச் சொன்னீங்களே சார்?"

"ஆமாம் அம்மா. அப்போது இல்லை."

"இப்போ இருக்குதுன்னு போவச் சொல்றீங்களா?"

"ஆமாம் அம்மா. இப்போது இருக்கிறது," என்றார் அவர், இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்பது போல.

அவர் குறித்துவிட்டுப் போன நாளில் வீடுகளை இடிக்கப் பொக்லைன் வந்தது. மஞ்சள் வண்டி, மாதா கோயில் சந்தில் இரண்டு பக்கத்துச் சுவரையும் உரசிக்கொண்டு, காலி வாளியை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே வந்து, தேசம்மாவின் வீட்டுக்கு நேராகப் போனது. பாதி வழியில் நின்றது. டிரைவர் இழுக்காத பக்கமாகத் தானே திரும்பியது. காலிப் பாத்திரம் எதுவானாலும் உப்பளமேட்டில் என்ன செய்யுமோ அதையே செய்தது: ஊர்ந்து போய்க் கிணற்றுக்கு நிற்கிற வரிசையின் வாலில் நின்றுகொண்டது. டிரைவர் நெம்புகோல்களை எல்லாம் இழுத்துப் பார்த்தார், பிறகு தாடையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனந்தரூபன் மட்டும் பதறவில்லை. ஊர் வழக்கத்தை நன்றாக விசாரித்து வைத்திருந்தார்.

"பரவாயில்லை, முறை வரட்டும். வாளி நிரம்பினால் வண்டி நம் கைக்கு வந்துவிடும் அல்லவா? நாங்களும் சட்டத்தை மதிக்கிறவர்கள்தான் அம்மா," என்று சொல்லி, குடையை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வரிசை நகர்ந்தது. லாரிக் காலமாக இருந்தால் சாயங்காலம் வரை இழுக்கும், இப்போது கிணற்றில் தண்ணீர் மேலேயே நின்றதால் குடங்கள் மளமளவென்று நிரம்பின. ஒவ்வொரு குடம் நிரம்பும்போதும் பொக்லைன் ஓர் அடி முன்னால் வந்தது. பெண்கள் தேசம்மாவைப் பார்த்தார்கள். குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, வண்டி ஒழுங்காக வந்து, ஒழுங்காக நின்று, தன் முறைக்குக் காத்திருந்தது. உப்பளமேட்டில் அப்படி ஒரு நல்ல பிள்ளையை வரிசை பார்த்ததே இல்லை.

வண்டிக்கு முன்னால் ஒரே ஒரு குடம் மிச்சமிருந்தபோது, தேசம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற பிலோமினாவிடம் போனாள்.

"பிலோ. அந்தத் தண்ணிய கெணத்துலயே திருப்பி ஊத்து."

"இன்னாக்கா?"

"ஊத்திட்டு, வண்டிக்கு முன்னால நுழை."

பிலோமினா தன் காதை நம்பாமல் சுற்றிலும் பார்த்தாள். "நானா? நுழையவா? நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன். நுழைடி." தேசம்மா வண்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "உன்ன மாதிரி வேற எவளுக்கு வரும்?"

ஆயுள் முழுக்க வெட்கமில்லாமல் நுழைந்தவளுக்கு, நுழையச் சொன்னதும் கூச்சம் வந்துவிட்டது. தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் கிணற்றில் ஊற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய், மஞ்சள் வாளிக்கு முன்னால் குடத்தை வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் ஊற்றினாள், நுழைந்தாள். அதற்கடுத்தவளும் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீரையே மறுபடி பிடித்து, பிடித்ததை மறுபடி ஊற்றி, ஒருத்தி முன்னால் ஒருத்தியாக நுழைந்துகொண்டே இருந்தார்கள். பொக்லைன் பின்னால் பின்னால் போய்க் கடைசியில் மாதா கோயில் சந்துக்கே திரும்பிவிட்டது.

ஆனந்தரூபன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்கு உண்மையாகவே மனசு புண்பட்டிருந்தது.

"அம்மா, இது நியாயமா? எங்கள் வண்டி முறைப்படி நிற்கிறது. கண் முன்னால் எல்லோரும் இடையில் நுழைகிறார்கள். நீங்களே இதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?"

நியாயமில்லை என்று தேசம்மாவுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்? அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"நான் எதையும் பாக்கல சார்," என்றாள்.